கோல்ஃப் ஆடிப் பிழைப்பது எப்படி இருக்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிவியில் கோப்பையைத் தூக்கும் ஆட்களில் நான் ஒருவன் இல்லை. இரண்டாம், மூன்றாம் நிலை டூர்களில் (தொழில்முறைப் போட்டித் தொடர்கள்) பல வருடம் ஆடி, சில வாரம் நன்றாகச் சம்பாதித்து, பல வாரம் கைக்காசு போட்டுத் திரும்பியவன். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். கோல்ஃப் கற்கும் பிள்ளைகளின் அப்பா அம்மா கேட்பது கொஞ்சம் வேறு. இரண்டையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

போட்டி நாலு நாள்தானே? மீதி மூன்று நாள் ஓய்வா?

இல்லை. வழக்கமான போட்டி வியாழன் முதல் ஞாயிறு வரை, நாளுக்கு 18 ஹோல் வீதம் 72 ஹோல். (ஹோல் என்பது டீ எனப்படும் தொடக்க இடத்திலிருந்து குழி வரையுள்ள ஒரு ஆட்டப் பாதை.) ஆனால் வேலை திங்களன்றே தொடங்கிவிடும். திங்கள் பயணம், துணி துவைப்பது, ரேஞ்சில் (பயிற்சித் திடலில்) கொஞ்சம் பந்து அடித்து உடம்பைத் தளர்த்துவது. செவ்வாய் பயிற்சிச் சுற்று. புதன்கிழமை பெரும்பாலும் புரோ-ஆம், அதாவது ஸ்பான்சர்களின் விருந்தினர்களோடு ஆடும் சுற்று. ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். முணுமுணுக்காத வீரர் குறைவு. ஆனால் பரிசுப் பணம் அவர்களிடமிருந்துதான் வருகிறது, அதனால் சிரித்துப் பேசி, அவர்கள் பந்தையும் தேடிக் கொடுத்து வரவேண்டும். பெரிய ஆட்களுக்கு மட்டுமே புரோ-ஆமில் இடம் கிடைக்கும் வாரங்களும் உண்டு. அப்போது நாங்கள் புதனன்று மைதானத்தில் கால் வைக்க முடியாது, பட்டிங் கிரீனோடு (பந்தைக் குழிக்கு உருட்டி, அதாவது பட் செய்து பழகும் புல்தரை) சரி.

'கட்' என்கிறார்களே, அது என்ன?

முதல் இரண்டு நாள், அதாவது 36 ஹோல் முடிந்ததும் ஒரு கோடு போடுவார்கள். அந்தக் கோட்டுக்குள் வந்தவர்கள் மட்டும் சனி, ஞாயிறு ஆடுவார்கள். மற்றவர்கள் வீட்டுக்கு. அமெரிக்காவின் முதல் நிலைத் தொடரான பிஜிஏ டூரில் பொதுவாக முதல் 65 இடமும் அந்த 65-ஆவது ஆளோடு சமமாக நிற்பவர்களும். மாஸ்டர்ஸில் 50, யுஎஸ் ஓப்பனில் 60, பிரிட்டனின் 'தி ஓப்பன்' போட்டியில் 70. கட்டைத் தவறவிட்டால் வழக்கமான போட்டிகளில் பரிசுப் பணம் பூஜ்யம்.

டைகர் உட்ஸ் 1998-இலிருந்து 2005 வரை தொடர்ந்து 142 கட்களைத் தாண்டினார். அவர் ஜெயித்த 15 மேஜர் (மாஸ்டர்ஸ் போன்ற நாலு பெரிய போட்டிகள்) பட்டங்களைவிட இந்த எண்தான் எங்களை மலைக்க வைக்கும். உடம்பு சரியில்லாத வாரம், தூக்கம் வராத வாரம், பட்டர் (பட் செய்யும் மட்டை) சொன்னபடி கேட்காத வாரம் என்று எல்லாமே அந்த 142-க்குள் இருந்திருக்கும்.

பயிற்சிச் சுற்றில் ஸ்கோர் எண்ணுவீர்களா?

எண்ணமாட்டோம். எண்ணினால் அந்த நாள் வீண் என்பேன்.

பயிற்சிச் சுற்றில் ஒரு வீரர் என்ன செய்கிறார் என்று பார்த்தால் உங்களுக்குக் குழப்பமாக இருக்கும். கிரீனுக்கு (குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரை) வந்ததும் கொடி இருக்கும் குழியை விட்டுவிட்டு, எதுவுமே இல்லாத நாலு மூலைக்கு பட் செய்துகொண்டிருப்பார். கொடி தினமும் இடம் மாறும். வியாழன் முதல் ஞாயிறு வரை அது எங்கெல்லாம் வரலாம் என்பதை கிரீனின் வடிவத்தைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். அந்த இடங்களில் ஒரு டீயைக் (பந்தைத் தாங்கும் சின்ன ஆணிக்கும் அதே பெயர்தான்) குத்திவைத்துப் பழகுவோம்.

நான் இன்னொன்றும் செய்வேன். ஹோலை முடித்ததும் கிரீனிலிருந்து திரும்பி டீ பக்கம் பார்ப்பேன். டீயிலிருந்து பார்க்கும்போது மைதானத்தை வடிவமைத்தவர் நம் கண்ணை ஏமாற்றுவார். அகலமான ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையிலுள்ள வெட்டிய புல்வெளி) குறுகலாகத் தெரியும், பங்கர் (மணல் பள்ளம்) உண்மையில் இருப்பதைவிடப் பக்கத்தில் தெரியும். திரும்பிப் பார்த்தால் வேஷம் கலைந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தால் கிரீன் திறந்து வரவேற்கிறது, எந்தப் பக்கம் கதவைச் சாத்துகிறது என்பது அங்கிருந்துதான் தெரியும்.

அப்புறம், பந்து எங்கே தவறலாம் என்று முடிவு செய்வது. வாரத்தின் முக்கியமான வேலை இதுதான் என்று நினைக்கிறேன். டிவியில் பந்து கொடிக்குப் பக்கத்தில் விழுவதையே காட்டுவதால் எல்லோரும் அப்படித்தான் அடிக்கிறார்கள் என்று தோன்றும். பிஜிஏ டூர் வீரர்களே ஃபேர்வேயில் 125 முதல் 150 யார்டு தூரத்திலிருந்து அடித்தால் பந்து நிற்பது சராசரியாகக் குழியிலிருந்து 20 அடிக்கு மேல் தள்ளித்தான். ஆகவே கொடியைக் குறிவைப்பது பல நேரம் முட்டாள்தனம். இடது பக்கம் தண்ணீர், வலது பக்கம் சமமான புல் என்றால், என் பந்துகள் விழும் பரப்பு முழுவதையும் வலதுபுறமாக நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம் விழுந்தால் சிப் செய்து (பந்தைக் கொஞ்சம் தூக்கிப் போட்டு) ஒரே பட்டில் முடிக்கலாம், எந்தப் பக்கம் விழுந்தால் போகி நிச்சயம் என்று ஒவ்வொரு கிரீனுக்கும் குறித்துக்கொள்வோம். என் நோட்டில் சில கிரீன்களுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: 'நீளமாக வேண்டாம்'. சரி, அது இரண்டு சொல்.

(தெரியாதவர்களுக்கு: பார் என்பது ஒரு ஹோலுக்கு எதிர்பார்க்கப்படும் அடிகள். ஒன்று குறைந்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி.)

அந்தச் சின்னப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

அது யார்டேஜ் புக். ஒவ்வொரு ஹோலின் படமும் தூரங்களும் இருக்கும். இந்த ஸ்பிரிங்க்லர் மூடியிலிருந்து கிரீனின் முன்விளிம்பு எத்தனை யார்டு, அந்த பங்கரைத் தாண்ட எத்தனை யார்டு என்று எல்லாம் அதில் உண்டு. காலையில் கொடிகளின் இடத்தைக் காட்டும் தாள் ஒன்று தருவார்கள்: முன்விளிம்பிலிருந்து 17, இடமிருந்து 4 என்பதுபோல. இரண்டையும் கூட்டிக் கழித்தால் கொடிக்குத் தூரம் வந்துவிடும்.

ஆனால் அந்த எண்ணை அப்படியே அடிக்க முடியாது. காற்று, ஏற்ற இறக்கம், புல்லில் பந்து எப்படி உட்கார்ந்திருக்கிறது, எல்லாம் சேரவேண்டும். குளிர்ந்த காலையில் பந்து குறைவான தூரமே போகும். உயரமான மலைப் பகுதியில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அதிகம் போகும். எதிர்காற்றும் ஏற்றமும் இருந்தால், கொடிக்கு 160 என்று புத்தகம் சொல்லும், நாங்கள் 171-க்கு அடிப்போம்.

கிரீனின் சரிவுகளை நுணுக்கமாக அச்சடித்த புத்தகங்கள் ஒரு காலத்தில் எல்லோர் பாக்கெட்டிலும் இருந்தன. 2022 முதல் பெரிய டூர்களில் அவற்றைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். இப்போது சரிவைக் கண்ணாலும் காலாலும்தான் படிக்க வேண்டும். நல்ல முடிவு. சரிவு படிப்பதும் ஒரு திறமைதானே?

தினமும் எத்தனை பந்து அடிப்பீர்கள்?

போட்டி இல்லாத வாரத்தில் நூற்றுக்கணக்கில். போட்டி வாரத்தில் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக. வியாழக்கிழமை காலை ஸ்விங்கை மாற்றப் பார்ப்பவன் வெள்ளிக்கிழமை மாலை பெட்டி கட்டுவான், நானே கட்டியிருக்கிறேன்.

நேரத்தில் பெரும்பகுதி வெட்ஜிலும் (குறைந்த தூரத்துக்கான மட்டை) பட்டிங்கிலும் போகும். 8 அடி தூர பட்டை பிஜிஏ டூர் வீரர்களே ஏறக்குறைய பாதி தடவைதான் போடுகிறார்கள். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே 8 அடியில் தவறினால் தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். 3 அடியில் தவறினால் அடித்துக்கொள்ளலாம்.

புதிய மைதானத்துக்குப் போனதும் முதலில் பழகுவது கிரீனின் வேகத்தை. சாய்வான ஒரு கம்பியிலிருந்து பந்தை உருட்டிவிட்டு எத்தனை அடி ஓடுகிறது என்று அளப்பார்கள், அதற்கு ஸ்டிம்ப்மீட்டர் என்று பெயர். போன வாரம் 10, இந்த வாரம் 12 என்றால் கைக்கு அது வேறு விளையாட்டு. அந்த வேகம் கைக்குள் இறங்க எனக்கு இரண்டு நாள் பிடிக்கும்.

போட்டி நாள் எப்படிப் போகும்?

முதல் இரண்டு நாளில் ஒரு நாள் காலையிலும் ஒரு நாள் மதியத்திலும் ஆட வைப்பார்கள். காலை 7 மணிக்கு டீ டைம் என்றால் நான் 4 மணிக்கு எழுந்துவிடுவேன். உடம்பு விழிக்கவே ஒரு மணி நேரம் வேண்டும். கொஞ்சம் நீட்டி மடக்கி, சாப்பிட்டு, சுமார் ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன் மைதானத்தில் இருப்பேன். முதலில் பட்டிங், பிறகு வெட்ஜிலிருந்து டிரைவர் (அதிக தூரம் அடிக்கும் மட்டை) வரை ரேஞ்சில், கடைசியில் மறுபடியும் சில பட். ரேஞ்சில் அடிக்கும் கடைசிப் பந்து முதல் டீயில் எடுக்கப்போகும் கிளப்போடுதான் (மட்டையோடுதான்).

மதியம் ஆடுவது வேறு வகைத் தொல்லை. காலை முழுக்க அறையில் என்ன செய்வது? அடுத்தவர்கள் ஸ்கோரைப் பார்க்கக்கூடாது என்று போனைத் தலைகீழாக வைப்பேன். பத்து நிமிடத்தில் திருப்பிவிடுவேன். மைதானத்துக்குப் போனால் காலையில் ஆடியவர்களின் காலடிகளால் குழியைச் சுற்றி மேடு பள்ளமாக இருக்கும், காற்றும் கிளம்பியிருக்கும். ஒரு பக்கம் ஆடியவர்களுக்கு வானிலை கைகொடுத்து, மறுபக்கத்தவர்கள் மொத்தமாக மாட்டிக்கொள்ளும் வாரங்கள் உண்டு. அதற்கு யாரிடமும் புகார் கொடுக்க முடியாது.

சுற்று நாலரை முதல் ஐந்து மணி நேரம். அதில் பந்தை அடிக்கும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடம்தான். மீதி நடை, காத்திருத்தல், பேச்சு. ஐந்து மணி நேரமும் கவனத்தைக் குவித்து வைக்க ஒருவராலும் முடியாது. கவனத்தை அணைத்து, பந்துக்குப் பக்கத்தில் போனதும் மறுபடி ஏற்றத் தெரிய வேண்டும். நானும் என் பையைத் தூக்கிவரும் கேடியும் ஃபேர்வேயில் சினிமாவும் வீட்டுக் கதையும்தான் பேசுவோம்.

மின்னல் வந்தால்?

நீண்ட ஒற்றை சைரன் ஒலித்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், அரைப் பட்டாக இருந்தாலும். தொடர்ந்து மூன்று ஒலி என்றால் சாதாரண நிறுத்தம், தொடங்கிய ஹோலை முடித்துவிட்டு வரலாம். மறுநாள் விடிவதற்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியிருக்கும். ஒரே நாளில் 30 ஹோல் நடந்த நாட்கள் எனக்கு உண்டு. உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

கேடி பையைத் தூக்குபவர்தானே?

தூக்குவார். கூடவே தூரம் கணக்கிடுவார், காற்றைப் பார்ப்பார், நான் கோபத்தில் தப்பான கிளப்பைக் கேட்டால் கொடுக்காமல் நிற்பார். விதிப்படி சுற்றின்போது நான் ஆலோசனை கேட்கக்கூடிய ஒரே ஆள் பெரும்பாலும் அவர்தான். சக வீரரிடம் "என்ன கிளப் அடித்தாய்?" என்று கேட்டாலே இரண்டு அடி பெனால்டி, அதாவது ஸ்கோரில் இரண்டு கூடும்.

பெரிய டூர்களில் வழக்கமான சம்பளம், வாரத்துக்கு ஒரு தொகையும் பரிசில் ஒரு பங்கும்: கட்டைத் தாண்டினால் 5 சதவீதம், முதல் பத்துக்குள் வந்தால் 7, ஜெயித்தால் 10. சின்ன டூர்களில் பலர் தாங்களே பையை இழுத்துப்போவார்கள், இல்லாவிட்டால் தம்பியோ நண்பனோ வருவான்.

பையில் 14 கிளப் வரைதான் அனுமதி. எண்ணிப் பார்ப்பது கேடியின் வேலை என்று நினைப்போம், ஆனால் தண்டனை வீரருக்கு. 2001 'தி ஓப்பன்' கடைசி நாளில் இயன் வூஸ்னம் முதல் ஹோலிலேயே பேர்டி அடித்துவிட்டு இரண்டாவது டீக்கு வந்தார். பையில் இரண்டு டிரைவர் இருக்கிறது, மொத்தம் 15 என்று கேடி அங்கேதான் சொன்னார். இரண்டு அடி போனது. கடைசியில் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து நான் முதல் டீயில் எண்ணுகிறேன், இரண்டு தடவை.

கம்ப்யூட்டர் காலத்திலும் ஸ்கோர்கார்டில் கையெழுத்தா?

ஆமாம். உங்கள் ஸ்கோரை உடன் ஆடும் ஒருவர் எழுதுவார், நீங்கள் இன்னொருவருடையதை எழுதுவீர்கள். முடிந்ததும் ஒவ்வொரு ஹோலையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒரு ஹோலில் உண்மையைவிடக் குறைவாக எழுதியதற்குக் கையெழுத்திட்டால் போட்டியிலிருந்தே நீக்கம். அதிகமாக எழுதியிருந்தால் அதிகமானதே நிலைக்கும்.

1968 மாஸ்டர்ஸில் ராபர்ட்டோ டி விசென்சோ 17-ஆவது ஹோலில் 3 அடித்தார், அவர் கார்டில் 4 என்று விழுந்திருந்தது. கவனிக்காமல் கையெழுத்திட்டார். 65 ஆக இருக்கவேண்டியது 66 ஆனது. பாப் கோல்பியோடு சமநிலையில் பிளே-ஆஃப் (முடிவு காண ஆடும் கூடுதல் ஆட்டம்) ஆட வேண்டியவர் ஒரு அடியில் தோற்றார். அன்று அவருக்குப் பிறந்தநாள் வேறு. பழைய காலத்துக் கதை என்று தள்ளவும் முடியாது. 2024-இல் ஜோர்டன் ஸ்பீத் 4 அடித்த ஹோலில் 3 என்றிருந்த கார்டில் கையெழுத்திட்டு, ஜெனசிஸ் இன்விடேஷனலிலிருந்து நீக்கப்பட்டார்.

யாரும் பார்க்காதபோது பந்து அசைந்தால் உண்மையிலேயே சொல்வீர்களா?

சொல்வோம். நூறு வருடப் பழக்கம் இது. 1925 யுஎஸ் ஓப்பனில் பாபி ஜோன்ஸ் தன் பந்து அசைந்ததாகத் தானே சொல்லி ஒரு அடி சேர்த்துக்கொண்டார். நாலு சுற்று முடிவில் சமநிலை, பிளே-ஆஃபில் தோல்வி. 2010-இல் பிரையன் டேவிஸ், ஜிம் ஃபியூரிக்குடன் பிளே-ஆஃப் ஆடும்போது, பின்ஸ்விங்கில் ஒரு காய்ந்த நாணல் கிளப்பில் உரசியதாக அவரே நடுவரை அழைத்தார். டிவியில் மெதுவாக ஓட்டிப் பார்த்துத்தான் மற்றவர்களுக்கே தெரிந்தது. இரண்டு அடி பெனால்டி, பட்டம் போயிற்று. பிஜிஏ டூரில் அவருக்குப் பட்டமே கிடைக்காமல் போயிற்று.

எல்லோரும் மகாத்மாக்கள் என்று சொல்ல வரவில்லை. இந்த உலகம் மிகச் சிறியது. ஒரு தடவை 'அவன் பந்தை நகர்த்துவான்' என்ற பேச்சு வந்தால் போதும், ரிட்டயர் ஆன பிறகும் அது கூடவே வரும்.

எவ்வளவு சம்பாதிக்கலாம்?

எல்லோரும் சுற்றி வளைத்துக் கடைசியில் வந்து நிற்பது இங்கேதான்.

பிஜிஏ டூரின் வழக்கமான போட்டியில் மொத்தப் பரிசில் 18 சதவீதம் முதல்வருக்கு. 65-ஆவது இடத்துக்குச் சுமார் 0.2 சதவீதம். இருவரும் அதே நாலு நாள், அதே மைதானத்தில்தான் ஆடினார்கள். நாலு நாளில் சுமார் 15 அடி வித்தியாசம் இருந்திருக்கலாம். சின்ன டூர்களிலும் பட்டியல் இப்படித்தான் சரியும், தொகைதான் சிறியது. அங்கே நடு இடங்களில் முடிப்பவருக்குக் கிடைப்பது பல நேரம் அந்த வார விமான டிக்கெட்டுக்கும் அறை வாடகைக்கும் சரியாகப் போய்விடும். நுழைவுக் கட்டணத்திலிருந்தே பரிசு கொடுக்கும் மினி டூர்கள் உண்டு. அங்கே நாங்கள் ஒருவர் பணத்துக்காக இன்னொருவர் ஆடுகிறோம்.

ஆகவே வருடத்தைக் காப்பாற்றுவது இரண்டு மூன்று நல்ல வாரங்கள்தான். இருபத்தைந்து வாரம் ஆடினால் எந்த இரண்டு வாரம் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் எல்லா வாரமும் போகவேண்டும். ஸ்பான்சர் இருந்தால் மூச்சு விடலாம். கிளப்பும் பந்தும் இலவசமாகக் கிடைப்பது ஓரளவு பெயர் வந்ததும் நடந்துவிடும், பணமாகக் கிடைப்பது அரிது. பலர் இடையில் பாடம் சொல்லிக்கொடுத்துச் சமாளிக்கிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

அமெச்சூராக இருந்தால் ஜெயித்தாலும் பரிசுப் பணம் கிடையாது. 2024 ஜனவரியில் நிக் டன்லப் என்ற கல்லூரி மாணவர் ஒரு பிஜிஏ டூர் போட்டியையே ஜெயித்தார். 15 லட்சம் டாலருக்கு மேலான முதல் பரிசு இரண்டாவதாக வந்தவருக்குப் போனது. சில நாட்களில் டன்லப் தொழில்முறைக்கு மாறிவிட்டார். யாராக இருந்தாலும் மாறியிருப்பார்.

ஹேண்டிகாப் பூஜ்யம் வந்துவிட்டால் தொழிலுக்கு வரலாமா?

ஹேண்டிகாப் என்பது சராசரியாகப் பாரைவிட எத்தனை அடி கூட ஆடுவீர்கள் என்பதன் கணக்கு. பூஜ்யம் என்றால் உங்கள் ஊர் கோல்ஃப் கிளப்பில் நீங்கள் ராஜா. டூரில் கட்டைத் தாண்டமாட்டீர்கள். இங்கே ஆடுபவர்கள் கணக்குப் போட்டால் பூஜ்யத்தைவிட நாலைந்து அடி சிறப்பாக இருப்பார்கள், அதுவும் நீளமான, கடினமான மைதானங்களில். நுழைவதற்கு கியூ-ஸ்கூல் என்ற பல கட்டத் தகுதிப்போட்டி இருக்கிறது. அதன் கடைசிக் கட்டத்தில் ஒரு பட் தவறினால் ஒரு வருடம் போகும். சில போட்டிகளுக்குத் திங்களன்று 18 ஹோல் தகுதிச் சுற்று வைப்பார்கள். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் நாலே இடத்துக்கு ஆடுவதும் உண்டு. 66 அடித்துவிட்டு இடம் கிடைக்காமல் திரும்பிய திங்கள் எனக்கு இருக்கிறது.

அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்?

சமாளிப்பதில்லை, அதோடு ஆடப் பழகுகிறோம். கை நடுங்கும், வாய் வறளும், நடை வேகமாகும். நடை வேகமானால் ஸ்விங்கும் வேகமாகும் என்று தெரிந்ததால் நான் கேடிக்குப் பின்னால்தான் நடப்பேன். அவர் வேண்டுமென்றே மெதுவாகப் போவார்.

2011 மாஸ்டர்ஸில் ரோரி மெக்கில்ராய் நாலு அடி முன்னிலையோடு ஞாயிறு தொடங்கி 80 அடித்தார். 10-ஆவது ஹோலில் பந்து எங்கேயோ வீடுகளுக்கிடையே போனது. உலகமே பார்த்தது. இரண்டே மாதத்தில் யுஎஸ் ஓப்பனை 8 அடி வித்தியாசத்தில் ஜெயித்தார். மாஸ்டர்ஸ் மட்டும் 2025 வரை காத்திருக்க வைத்தது, அதுவும் பிளே-ஆஃப் வரை இழுத்து. ஒரு தோல்வியிலிருந்து இரண்டு மாதத்தில் மீண்டாரா, 14 வருடத்தில் மீண்டாரா? இரண்டும் உண்மை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

குடும்பம்?

கஷ்டம்தான். பிறந்தநாள்கள் வார இறுதியிலேயே வரும். என் மனைவி ஆன்லைனில் ஸ்கோரைப் பார்த்துவிடுவாள். வெள்ளிக்கிழமை போன் செய்தால் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாள், "எப்போ வர்றீங்க?" என்பாள். கட்டைத் தாண்டினால் வருத்தப்படுவதும் அவளே, இரண்டு நாள் தள்ளிப்போகிறதே என்று.

என் பெண்ணுக்கு 12 வயது. நன்றாக ஆடுகிறாள். இதிலேயே விடலாமா?

இப்போது முடிவு எடுக்க வேண்டாம். படிப்பை நிறுத்தவே வேண்டாம். கல்லூரி கோல்ஃப் வழியாக வந்தவர்கள் டூரில் நிறைய. இன்னொரு விளையாட்டும் ஆடட்டும், ஒரே பக்கம் சுழலும் ஆட்டம் இது, முதுகை வாங்கிவிடும். 12 வயது ஸ்கோரை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஒரு ஹோலில் 9 அடித்துவிட்டு, நீங்கள் தூரத்தில் நிற்கும்போது, கார்டில் 9 என்று எழுதிவிட்டு அடுத்த டீக்குப் போகிறாளா? போகிறாள் என்றால் 18 வயதில் எனக்கு எழுதுங்கள், கியூ-ஸ்கூல் பற்றிப் பேசலாம்.